மறைவிடத்து மருவும் அதற்குரிய மருந்தும்

நோய்களுள் பிறரிடம் சொல்லத் தக்கன என்றும், சொல்லத் தகாதன என்றும் இருவகை உண்டென நம்மவர் பலர் எண்ணி வருகின்றனர். காய்ச்சல் கண்டவன் வீட்டாரிடம் சொல்கிறான். பல்வலி கண்டவன் தெருவெல்லாம் சொல்கிறான். மறைவிடத்தில் ஒரு சிறு மரு முளைத்தவனோ மனைவியிடமும் சொல்லான், மருத்துவரிடமும் சொல்லான். பெண்மக்களின் நிலை இதனினும் கடினம். அவர்கள் தம் தாயிடத்தும் வாய் திறவார்கள். மரு அவ்வளவு கொடிய நோய் அன்று. அதனை மறைத்து வைத்துத் தாமே செய்துகொள்ளும் வைத்தியமே பல வேளைகளில் பெருங்கேட்டை விளைவிக்கிறது.

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து மைசூரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு இத்தயக்கம் இரட்டிப்பாகிறது. கன்னடத்தில் காய்கறி வாங்கவும், வீட்டு வாடகை பேசவும் நன்கு கற்றுக்கொண்டவர்க்கும், ‘இவ்விடத்தில் எனக்கு இன்னது வந்துள்ளது’ என்று மருத்துவரிடம் சொல்லச் சொல் வருவதில்லை. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வோமெனில், அவர் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரராகவே இருப்பார். ஆகவே, போகாமலே இருந்துவிடுகின்றனர்.

தாய்மார்களும் வளர்ந்த பிள்ளைகளும் படிக்கும் இவ்விதழில் இப்பொருளைப் பற்றி எழுதலாமா என்ற ஐயம் அன்பர் சிலருக்கு எழக்கூடும். அவர்களுள் யாருக்கு இது பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதே என் விடை. யான் மருத்துவன் அல்லேன். ரயில்வே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவன். மருத்துவ நூல்களில் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டவற்றை மட்டும் எளிய முறையில் தொகுத்துத் தருகிறேன். மருந்தின் பெயர்களை அறிந்துகொள்வது, மருத்துவர் சொல்வதை விளங்கிக்கொள்வதற்கே அன்றி, மருத்துவரை விலக்குவதற்கு அன்று.

மரு என்பது யாது?

பிறப்புறுப்பின் மேலும், அதனைச் சுற்றியும், ஆசனவாயின் ஓரத்திலும் தோன்றும் சிறு தசை முளைகளையே இங்கு மரு என்கிறோம். சில கடுகளவாகத் தனித்தனியே நிற்கும். சில ஒன்றோடொன்று சேர்ந்து காலிப்பூவைப் போல் விரியும். பெரும்பாலும் வலி இராது. சிலருக்கு அரிப்பு இருக்கும். உராய்ந்தால் சிறிது குருதி கசியும். இது புதிய நோயும் அன்று. இத்தகைய தசை முளைகள் ஆசனவாயில் மட்டுமன்றி ஆண்குறியிலும் யோனியிலும் உண்டாகும் என்பது சுசுருத சங்கிதையிலேயே கூறப்பட்டுள்ளது.

இதற்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி. சுருக்கமாக எச்.பி.வி. என்பர். இவ்வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் மரு உண்டாக்குபவை சில. மறைவிடத்தில் உண்டாக்குபவை வேறு சில. மறைவிடத்து மருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, 6, 11 என்னும் எண்களைக் கொண்ட இரு வகைகளால் வருவன. ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசனும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் இவ்வகைகளைப் பிரித்துக் காட்டினர். மருவில் தொடங்கிய அதே ஆராய்ச்சியே பின்னர் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான 16, 18 என்னும் வகைகளை 1983, 1984-ஆம் ஆண்டுகளில் கண்டுபிடிக்க வழிசெய்தது. அதற்காக 2008-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். மரு உண்டாக்கும் வகை வேறு. புற்றுநோய் உண்டாக்கும் வகை வேறு. மரு வந்தவர்க்கெல்லாம் புற்றுநோய் வருமென்று அஞ்சுதல் வேண்டா. ஆயினும், ஒருவர் உடலில் இருவகையும் ஒருங்கே புகுந்திருக்கலாம் ஆதலின், முப்பது வயது கடந்த பெண்கள் மரு இருப்பினும் இல்லாவிடினும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்வது அறிவுடைமையாகும்.

எப்பொழுது வந்தது, யாரால் வந்தது?

மரு கண்ட இல்லங்களில் முதலில் எழும் கேள்வி மருந்தைப் பற்றியது அன்று. ‘இஃது யாரால் வந்தது?’ என்பதே முதற்கேள்வி. கணவன் ஓரூரிலும் மனைவி ஓரூருமாக மாதக்கணக்கில் பிரிந்து வாழ நேரும் நம் போன்ற குடும்பங்களில், இக்கேள்வி ஒரு வீட்டையே இரண்டாக்கிவிடும்.

இந்நோய் பெரும்பாலும் உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவுகிறது என்பது உண்மை. ஆனால், வைரஸ் உடலில் புகுந்த அன்றே மரு முளைப்பதில்லை. சிலருக்கு மூன்று வாரங்களில் தோன்றும். சிலருக்கு எட்டு மாதங்களும் ஆகும். அதற்கும் மேலே செல்வதும் உண்டு. பலருக்கு வைரஸ் இருந்தும் மரு தோன்றுவதே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பின் எதிர்ப்பாற்றல் அதனை அடக்கிவிடும். அவர்கள் தம்மையறியாமலே மற்றவர்க்குக் கொடுத்திருக்கக்கூடும். ஆகவே, இன்று தோன்றிய மருவைக் கொண்டு, அது நேற்று வந்ததா, திருமணத்திற்கு முன் வந்ததா, இருவருள் யார் முதலில் பெற்றனர் என்று எந்த மருத்துவராலும் தீர்ப்புக் கூற இயலாது. மருத்துவரே கூற இயலாததை மாமியாரும் மைத்துனரும் கூறப் புகுதல் எவ்வாறு முறையாகும்?

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்வதே செய்யத்தக்கது. ஒருவர்க்கு மட்டும் மரு இருப்பின் மற்றவர்க்கு மருந்து வேண்டுவதில்லை. பரிசோதனை மட்டும் வேண்டும். மரு ஆறும்வரை உடலுறவைத் தவிர்ப்பது நன்று. ஆணுறை தொற்றைக் குறைக்கும். எனினும், அது மூடாத இடத்துத் தோலின் வழியே பரவக்கூடும் ஆதலின் முற்றும் தடுக்காது. பொதுக் கழிப்பிடத்தால் வந்துவிடுமோ என்பது பெரும்பாலும் வீண் அச்சமே.

எல்லாப் புடைப்பும் மரு அன்று

மருந்தைப் பற்றிப் பேசுமுன் இன்னோர் எச்சரிக்கை. மறைவிடத்தில் காணும் புடைப்புகள் எல்லாம் மரு ஆகா. ஆண்குறியின் முனையைச் சுற்றி முத்து வரிசைபோல் சில இளைஞர்க்கு இயற்கையாகவே இருக்கும் சிறு புள்ளிகள் நோயே அல்ல. அவற்றைக் கண்டு அஞ்சி, எரிமருந்து பூசிப் புண்ணாக்கிக்கொள்வோர் உண்டு.

இதனினும் முக்கியமானது ஒன்று. மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் நோயின் இரண்டாம் நிலையில், தட்டையான, ஈரம் கசியும் புடைப்புகள் அதே இடத்தில் தோன்றும். பார்வைக்கு மருவைப் போன்றே இருக்கும். ஆனால் மருந்து முற்றிலும் வேறு. பெனிசிலின் ஊசியால் தீரவேண்டிய நோயை மரு என்று எண்ணி மேற்பூச்சுப் பூசிக்கொண்டிருந்தால், புடைப்பு மறைந்தாலும் நோய் உள்ளே தங்கி, பல்லாண்டுகள் கழித்து இருதயத்தையும் மூளையையும் தாக்கும். அதனாலேயே மருத்துவர்கள் மரு என்று வருவோர்க்கும் வி.டி.ஆர்.எல். என்னும் இரத்தப் பரிசோதனையும், எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்கின்றனர். இஃது ஒருவரை இழிவாகக் கருதிச் செய்வது அன்று. மருந்தைப் பிழையின்றித் தேர்வதற்கே செய்வது.

இமயத்து வேரின் வரலாறு

மருவுக்கு மேற்பூச்சாக உலகெங்கும் நெடுங்காலம் வழங்கிவந்த மருந்து பொடோஃபிலின் என்பது. அது நம் நாட்டு மலையிலும் விளைவதென்பதைப் பலர் அறியார். இமயமலைச் சாரலில், காசுமீரம், இமாசலம், உத்தராகண்டம் ஆகிய பகுதிகளின் உயர்ந்த காடுகளில் ஒரு சிறு செடி வளர்கிறது. அதனை அவ்வூர் மக்கள் ‘பாப்ரா’ என்றும், ‘பன்கக்ரி’ என்றும் அழைப்பர். காட்டு வெள்ளரி என்பது இரண்டாவது பெயரின் பொருள். வேனிலின் தொடக்கத்தில் பூத்துப் பின்னர் செந்நிறக் கனி தரும். அதன் கிழங்கு வேரிலிருந்து எடுக்கும் பிசினே பொடோஃபிலின்.

இச்செடிக்கு அமெரிக்காவில் ஓர் உறவுச் செடி உண்டு. அந்நாட்டுப் பழங்குடியினர் அதன் வேரைப் பேதி மருந்தாகப் பயன்படுத்தினர். நம் இமயத்துச் செடியைப் பற்றிய செய்திகள், டைமக், வார்டன், ஹூப்பர் என்னும் மூவர் இயற்றி, 1890 முதல் 1893 வரை தொகுதிகளாக வெளிவந்த இந்திய மருந்துப் பொருள் நூலில் இடம்பெற்றுள்ளன. இம்மூவருள் ஹூப்பர் என்பவர், நமக்கு அண்மையிலுள்ள உதகமண்டலத்தில், சென்னை அரசாங்கத்தின் கொயினா ஆராய்ச்சி அலுவலராகப் பணியாற்றியவர். அமெரிக்க வேரைக் காட்டிலும் நம் நாட்டு வேரில் பிசினும், அப்பிசினில் வேலை செய்யும் மூலப்பொருளும் மிகுதி என்பது பின்னர் உறுதியாயிற்று.

அக்காலத்தில் இப்பிசின் பேதிக்கே கொடுக்கப்பட்டது. மருவுக்கு இது பயன்படும் என்பதை மருத்துவ உலகம் நன்கறிந்தது 1942-ஆம் ஆண்டில். அமெரிக்க மருத்துவரான கப்லன், இப்பிசினை எண்ணெயில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு கலந்து பூசிச் செய்த சிகிச்சையின் பயனை அவ்வாண்டில் வெளியிட்டார்; பின்னர் 1944-ஆம் ஆண்டில் கல்ப் என்பவரும் அவரும் சேர்ந்து, இருநூறு நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் பயனை வெளியிட்டனர். அதுவரை கத்தியாலும் சூட்டுக்கோலாலும் அகற்றப்பட்டு வந்த மரு, ஒரு பூச்சினால் சில நாட்களில் சுருங்கி உதிர்வதைக் கண்டனர். அது முதல் இம்முறை பல நாடுகளிலும் பரவிற்று.

இம்மருந்து வேலை செய்யும் விதம் எளிது. மரு வளர்வதற்கு அதன் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே இருத்தல் வேண்டும். பிசினில் உள்ள பொடோஃபிலோடாக்சின் என்னும் பொருள் அப்பிரிவை நடுவிலேயே நிறுத்திவிடுகிறது. பிரிய முடியாத அணுக்கள் மடிகின்றன. மரு வாடி உதிர்கிறது. இதே பொருளிலிருந்து உருவாக்கப்பட்ட எடோபோசைட் என்னும் மருந்து நுரையீரல், விதைப்பை ஆகியவற்றின் புற்றுநோய்க்கு இன்றும் வழங்குகிறது. இதிலிருந்தே இம்மருந்தின் வன்மை விளங்கும். மருவின் அணு இது, நல்ல தோலின் அணு இது என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்கு இல்லை. வயிற்றில் வளரும் கருவின் அணுக்களையும் அது அறியாது.

அளவுக்கு மீறி வேர் தோண்டப்பட்டதால் அச்செடியும் இமயத்தில் அருகிவிட்டது. ஆகவே, 1990-ஆம் ஆண்டில் அனைத்துலக வாணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட செடிகளின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

மருத்துவர் கையால் இடுவன

மருவுக்கான பூச்சு மருந்துகளை இரண்டாகப் பிரிக்கலாம்: மருத்துவர் தம் கையால் இடுவன, நோயாளி வீட்டில் தாமே இடுவன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மாறிவிடலாகாது.

முன்னர்க் கூறிய பொடோஃபிலின் பிசின் முதல் வகையைச் சேர்ந்தது. நம் நாட்டு அரசாங்க மருத்துவ முறையில், சாம்பிராணிப் பிசின் கரைந்த டிங்க்சர் பென்சாயினில் நூற்றுக்கு இருபது பங்கு கலந்து இது வழங்கப்படுகிறது. மருத்துவர் முதலில் மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவுவார். பின்னர் குச்சியில் சுற்றிய பஞ்சினால் மருவின் மேல் மட்டும் மருந்தைத் தொட்டு வைத்து உலரவிடுவார். ஒன்று முதல் நான்கு மணி நேரத்திற்குள், மருத்துவர் குறித்துச் சொன்ன நேரத்தில், சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட வேண்டும். கழுவ மறந்து உறங்கிவிட்டால் புண் உண்டாகும். வாரம் ஒருமுறை எனச் சில வாரங்கள் செல்ல வேண்டியிருக்கும். புண் உள்ள இடத்திலும், யோனியின் உட்புறத்திலும், கருப்பைவாயிலும் இதனை இடுதல் ஆகாது. பரந்த இடத்தில் மிகுதியாகப் பூசினால் உடம்பினுள் ஊறி, வாந்தி, நரம்புத் தளர்ச்சி, நினைவிழப்பு ஆகியவற்றை உண்டாக்கும், உயிரிழப்பும் நேர்ந்துள்ளது.

டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் என்பது மற்றொன்று. நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு பங்கு வன்மையுடைய இவ்வமிலத்தை ஒரு துளி தொட்டவுடன் மரு வெண்மையாகும். மிகுந்து வழிந்தால் சோப்பினாலோ சோடா உப்பினாலோ அதனை உடனே அடக்குவர். இது தோலின் மேலேயே வேலை செய்து அடங்கிவிடுவதால், தேவைப்படின் கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவர்கள் இதனை இடுவர். இவையன்றி, திரவ நைட்ரஜனால் உறையவைத்தும், மின்சாரத்தால் சுட்டும், கத்தியால் அகற்றியும் மருவைப் போக்குவர்.

வீட்டில் தாமே இடுவன

பொடோஃபிலோடாக்சின் என்னும் மூலப்பொருளை மட்டும் தூய்மையாகப் பிரித்து, நூற்றுக்கு அரைப் பங்கு வன்மையில் செய்த கரைசல், வீட்டில் இடுவதற்கென்றே உண்டானது. காலையும் மாலையும் மூன்று நாள் இட்டு, நான்கு நாள் ஓய்வு கொடுத்தல் வேண்டும். இவ்வாறு நான்கு வாரம் வரை செய்யலாம். பிசினின் அளவு வேறு, இதன் அளவு வேறு. பெயர்கள் ஒத்திருப்பதால் கடையில் ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வந்து, மூன்று நாள் இருவேளை பிசினைப் பூசினால் விளைவு கொடிதாகும்.

இமிகுவிமாட் என்னும் களிம்பு 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது மருவை நேரே எரிப்பது அன்று; அவ்விடத்துத் தோலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டி, உடம்பே வைரஸை எதிர்க்குமாறு செய்வது. நூற்றுக்கு ஐந்து பங்கு வன்மையுள்ள களிம்பை வாரத்தில் மூன்று இரவுகள் உறங்குமுன் பூசி, ஆறு முதல் பத்து மணி நேரத்திற்குள் கழுவிவிட வேண்டும். பதினாறு வாரம் வரை தொடரலாம். பூசிய இடம் சிவந்து எரிவது இயல்பே. ஆறாத புண்ணானால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும். பச்சைத் தேயிலைச் சாற்றிலிருந்து செய்த களிம்பு ஒன்றும் 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எம்மருந்தை இட்டாலும் மரு மீண்டும் முளைக்கக்கூடும். முதல் மூன்று மாதங்களுக்குள் அவ்வாறு நேர்வது மிகுதி. மருந்து மருவை அகற்றுகிறதே அன்றி, தோலில் தங்கிய வைரஸை வேரோடு களைவதில்லை. ஆகவே, மீண்டும் வந்துவிட்டதே என்று மனமுடையவும் வேண்டா. மருத்துவரை ஏமாற்றுக்காரர் என்று எண்ணவும் வேண்டா. வாழ்க்கைத் துணைமீது புதிதாக ஐயம் கொள்ளவும் வேண்டா. நீரிழிவு உடையோர்க்கும், எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கும் ஆறுவதற்குக் காலம் கூடுதலாகும்.

ஒருபோதும் செய்யத் தகாதன

நம் ஊர்ப்புறங்களில் கையிலும் கழுத்திலும் தோன்றும் பாலுண்ணிக்குச் சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து வைப்பர். அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவர். தலைமயிரால் இறுகக் கட்டுவர். உள்ளங்கையின் தடித்த தோல் பொறுப்பதை மறைவிடத்து மெல்லிய தோல் பொறுக்காது. அங்குச் சுண்ணாம்பு வைத்தால் மருவோடு சுற்றியுள்ள தசையும் வெந்து, புண்ணாகி, சீழ் பிடித்து, ஆறிய பின்னும் வடு இறுகி நிற்கும். பாட்டரி அமிலத்தைத் தொட்டு வைப்பதும், பிளேடால் அறுப்பதும் இவற்றினும் கொடியன. கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பூச்சு மருந்தும் மறைவிடத்திற்கு உரியது அன்று.

ரயில் பாதையோரச் சுவர்களில் ‘இரகசிய வியாதிகளுக்கு உத்தரவாதமான சிகிச்சை’ என்று எழுதியிருப்பதைப் பயணம் செய்யும் அனைவரும் கண்டிருப்பர். பால்வினை நோய்களைக் குணமாக்குவதாகப் பொதுமக்களிடையே மருந்து விளம்பரம் செய்வது, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின்படி குற்றம். முதற் குற்றத்திற்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. இரகசியம் என்ற சொல்லையே முதலாகக் கொண்டு வாணிகம் செய்வோரிடம் நம் நாணத்தைக் கொண்டுபோய் விலைக்குக் கொடுக்கலாகாது.

தாய்மார்களின் கவனத்திற்கு

கருவுற்ற காலத்தில் மரு வேகமாகப் பெருகுவது உண்டு. மகப்பேற்றுக்குப் பின் பெரும்பாலும் தானே சுருங்கும். கருவுற்ற பெண்ணுக்குப் பொடோஃபிலின் பிசினும், பொடோஃபிலோடாக்சினும் ஆகவே ஆகா. அவை கருவுக்கு ஊறு செய்வன. ஆகவே, மரு என்று மருத்துவரிடம் செல்லும் பெண், மாதவிலக்குத் தள்ளியிருப்பின் அதனைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் மாதம் வரை வெளியில் சொல்லலாகாது என்னும் குடும்ப வழக்கம் மருத்துவரிடத்தில் செல்லாது. கணவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை மனைவி எடுத்துப் பூசிக்கொள்வதும் இக்காரணத்தால் பெருந்தீங்காகும்.

சிறு குழந்தைகளுக்கு அவ்விடத்தில் மரு கண்டால் பல காரணங்கள் இருக்கலாம். மகப்பேற்றின்போது தாயிடமிருந்தும், கையில் மரு உள்ளவர் குளிப்பாட்டுவதாலும் வரலாம். யாரேனும் குழந்தையிடம் தகாதவாறு நடந்திருக்கவும் கூடும். குழந்தையை அதட்டாமலும், பிறர்மேல் அவசரமாகப் பழி சுமத்தாமலும், காலந்தாழ்த்தாது குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வருமுன் காக்கும் வழி

6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி 2006-ஆம் ஆண்டு முதல் உலகில் வழங்குகிறது. அது மருவையும் தடுக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயையும் தடுக்கும். ஆஸ்திரேலியாவில் 2007-ஆம் ஆண்டில் பெண்பிள்ளைகளுக்கு இவ்வூசியைப் போடத் தொடங்கினர். அவ்வாண்டில் அந்நாட்டுப் பால்வினை நோய் நிலையங்களுக்கு வந்த 21 வயதுக்கு உட்பட்ட பெண்களில் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல் மரு கண்டிருந்தது. 2011-ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவாயிற்று. நான்கே ஆண்டுகளில் ஒரு நோய் இவ்வாறு தேய்ந்தது வியக்கத்தக்கதன்றோ!

நம் நாட்டிலும் பூனாவிலுள்ள சீரம் நிறுவனம் செய்த செர்வாவாக் என்னும் ஊசி 2022-ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. அதுவும் இந்நான்கு வகைகளுக்கும் உரியது. ஒன்பது முதல் இருபத்தாறு வயது வரை ஆண், பெண் இருபாலார்க்கும் போடலாம். முன்னமே வந்த மருவை இவ்வூசி போக்காது. வருமுன் காப்பதே இதன் தொழில். ஆகவே, பிள்ளைகள் சிறுவராய் இருக்கும்போதே போடுதல் சிறந்தது. இரண்டு வகைகளை மட்டும் தடுக்கும் ஊசி புற்றுநோயைத் தடுக்குமே அன்றி மருவைத் தடுக்காது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

எங்குச் செல்வது, என்ன சொல்வது?

மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பெற்று, 1930-ஆம் ஆண்டில் இந்நகருக்கு மாற்றப்பட்டது. அதனைச் சேர்ந்த கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லலாம். பெண்களும் கருவுற்றோரும் அக்கல்லூரியையே சேர்ந்த செலுவாம்பா ஆஸ்பத்திரிக்குச் செல்லலாம். ரயில்வே ஊழியரும் அவர்தம் குடும்பத்தாரும் ரயில்வே ஆஸ்பத்திரியிலேயே முதலில் காட்டலாம். பால்வினை நோய்களுக்கென்று அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் ‘சுரக்ஷா’ என்னும் பெயரில் இலவசச் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன. விடுமுறையில் தமிழ்நாட்டிற்குச் செல்வோர் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனவே உள்ள தனித் துறையை நாடலாம். நேரிற் செல்லுமுன் கேட்டறிய விரும்புவோர்க்கு 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உண்டு.

மொழித் தடை உள்ளோர்க்குச் சில சொற்கள் தருகிறேன். தோல் நோய்ப் பிரிவைக் கன்னடத்தில் ‘சர்மரோக விபாக’ என்பர். மருவுக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘நரஹுலி’. ‘குப்தாங்கதல்லி நரஹுலி ஆகிதெ’ என்றால், மறைவிடத்தில் மரு வந்துள்ளது என்பது பொருள். கருவுற்ற பெண், ‘நானு கர்பிணி’ என்று சொல்ல வேண்டும். இம்மூன்று சொற்றொடர்களைச் சொல்லத் தெரிந்தால், அடுத்த வீட்டுக்காரரைத் துணைக்கு அழைக்க வேண்டுவதில்லை. பெண் மருத்துவரே பார்க்க வேண்டுமென்று கேட்பதிலும் தவறில்லை.

மருந்து எழுதித் தந்த பின், மூன்று கேள்விகளைக் கேட்டு விடை பெறாமல் எழுந்து வரலாகாது. இதனை நானே பூச வேண்டுமா, மருத்துவமனையில் பூச வேண்டுமா? எத்தனை மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும்? மீண்டும் எந்நாளில் வர வேண்டும்? அவ்விடைகளை மருந்துச் சீட்டின் பின்புறத்தில் தமிழிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.